ஏசி போட்டால் ரப்பர் கருகும் வாடை: பெல்ட் மாற்றியும் போகவில்லை

புதுபெல்ட் | ஜூன் 4, காலை 8.10

பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர், 80,000 கி.மீ. தாண்டியது. ஏசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் வாடை உள்ளே வருகிறது. இறங்கிப் பார்த்தால் போனட் பக்கம் இன்னும் தூக்கல். ஏசி இல்லாமல் ஓட்டினால் வருவதில்லை. பெல்ட்டை மாற்றியாயிற்று, சில நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி அதே வாடை. புது பெல்ட் சூடேறிப் பழகும்வரை இப்படித்தான் என்கிறார்கள். உண்மையா? புகை இல்லை, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை.

பத்தாம்நம்பர் | ஜூன் 4, காலை 8.45

பழகுவதெல்லாம் முதல் ஓட்டத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகும் வாடை வந்தால் பெல்ட் எங்கோ வழுக்குகிறது.

பெல்ட் தானாகக் கருகாது. ஏதோ ஒரு புல்லி சுற்ற மறுக்கிறது, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லி விடாமல் இழுக்கிறது, நடுவில் மாட்டிக்கொண்டு தேய்வது பெல்ட். இறுகிய புல்லியை அப்படியே விட்டு பெல்ட்டை மட்டும் மாற்றினால் அடுத்த பெல்ட்டும் அதே கதிதான்.

எஞ்சின் ஆறியதும் பெல்ட்டைக் கழற்றுங்கள். கழற்றும் முன் அது எந்தெந்தப் புல்லியைச் சுற்றிப் போகிறது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாட்டினால் வாட்டர் பம்ப் எதிர்த்திசையில் சுற்றும். கழற்றியபின் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் புல்லி), டென்ஷனர் (பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் புல்லி) இரண்டும் சத்தமின்றி வழுவழுவென்று சுற்ற வேண்டும். கரகரப்பு இருந்தாலும், முன்பின் ஆட்டினால் ஆடினாலும் பேரிங் போச்சு. ஒரு தட்டுத் தட்டியதும் சைக்கிள் சக்கரம் போல நிற்காமல் ஓடினாலும் நல்லதல்ல, உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது.

ஓம்மீட்டர் | ஜூன் 4, காலை 9.20

ஆல்டர்னேட்டரைப் பார்க்கும்போது ஒன்று. சில வண்டிகளில் ஒருபக்கம் மட்டும் சுற்றும் ஒன்வே புல்லி இருக்கும். ஒரு திசையில் ரோட்டரையும் சேர்த்து இழுக்கும், மறு திசையில் தனியாக வழுக்கிச் சுழலும். அதைப் பழுது என்று நினைத்துக் கழற்ற வேண்டாம். இரண்டு திசையிலும் பிடித்தாலோ, இரண்டிலும் வழுக்கினாலோதான் பழுது.

தண்ணிபாட்டில் | ஜூன் 4, காலை 11.05

கழற்றுவதற்கு முன் இரண்டு நிமிட வேலை. எஞ்சின் ஐட்லில் ஓடட்டும், கீச்சு சத்தம் இருந்தால் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் ஸ்பிரே செய்யுங்கள். சத்தம் அடங்கிப் பிறகு திரும்பினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் இழுவை போதவில்லை, பெல்ட் வழுக்குகிறது. கை, சட்டை நுனி, தொங்கும் செயின் எதுவும் கிட்டே போகக்கூடாது.

கேட்டதுகேள்வி | ஜூன் 4, பகல் 12.30

பெல்ட்டில் சோப்புக் கட்டி தேய்த்தால் சத்தம் நிற்குமே?

பத்தாம்நம்பர் | ஜூன் 4, பகல் 12.40

நிற்கும். பெல்ட்டும் குளித்துவிட்டு வேலைக்குப் போகாது.

சோப்பு, பவுடர், டப்பாவில் விற்கும் பெல்ட் டிரெஸ்ஸிங் எல்லாம் ஒரே ரகம். சத்தத்தை மறைக்கும், மேலே தூசியை ஒட்டவைக்கும், வழுக்குவதற்கான காரணம் அப்படியே இருக்கும்.

புதுபெல்ட் | ஜூன் 4, இரவு 9.15

கழற்றிப் பார்த்தாயிற்று. ஐட்லர், டென்ஷனர், ஆல்டர்னேட்டர் மூன்றும் சுத்தம். வாட்டர் பம்ப் புல்லி ஆடவில்லை, கசிவும் இல்லை. ஸ்டியரிங் எலக்ட்ரிக், அதனால் பம்ப் கிடையாது. பெல்ட்டின் வரிப்பக்கம் கண்ணாடி போல மின்னுகிறது. இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று: வண்டி நல்ல வேகத்தில் போகும்போது வாடை இல்லை, நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் வருகிறது.

அரைகிளட்ச் | ஜூன் 4, இரவு 9.50

நெரிசலில் மட்டும் என்றால் கிளட்ச் பிளேட்டாகத்தான் இருக்கும். கிளட்ச்சில் கால் வைத்தபடியே ஊர்ந்தால் பிளேட் கருகி இதே வாடைதான் வரும். ஏசி போட்டால் எஞ்சின் பாரம் கூடும், இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுப்போம், இன்னும் கருகும். எல்லாம் பொருந்துகிறதே.

பத்தாம்நம்பர் | ஜூன் 5, காலை 7.30

பொருந்துவது போலத் தெரிகிறது, ஆனால் பெல்ட் மின்னுவதற்குக் கிளட்ச் பிளேட் காரணமாக முடியாது. பிரித்துப் பார்க்க எளிய வழி: வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சைத் தொடாமல், ஏசியை முழுக்கப் போட்டு 15 நிமிடம் ஐட்லில் விடுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் வேண்டாம். அப்போதும் வாடை வந்தால் கிளட்ச் விடுதலை.

அரைகிளட்ச் | ஜூன் 5, காலை 8.00

சரியான சோதனைதான். ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கிளட்ச் பக்கத்தையும் எழுதி வைக்கிறேன்.

கிளட்ச் கருகினால் வாடையில் காகிதம் எரிவது போன்ற ஒரு காரம் சேர்ந்திருக்கும். மேட்டில் ஏறியதும், ரிவர்ஸில் இறுக்கமான இடத்தில் விட்டதும் வரும், வண்டி ஆறினால் போய்விடும். ஒரு தடவை வந்ததற்காகப் பிளேட்டை மாற்ற வேண்டாம். 20 நிமிடம் ஆறவிட்டு ஓட்டிப் பாருங்கள். மேல் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஆர்.பி.எம். எகிறி வேகம் பின்தங்கினால் பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தம்.

கேபிள் கிளட்ச் என்றால் பெடலின் ஃப்ரீ பிளேயைப் பாருங்கள். பொதுவாக 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா அமுங்க வேண்டும். அது இல்லாமல் கேபிள் இறுகியிருந்தால் நீங்கள் காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும்; ஓட்டுபவர் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் கருகும். ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும்) வண்டி வைத்திருப்பவர்களும் இதே கூட்டம்தான். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டராலேயே வண்டியை நிறுத்திவைத்தால், பெடல் இல்லாவிட்டாலும் உள்ளே தேய்வது அதே பிளேட்.

புதுபெல்ட் | ஜூன் 5, மாலை 6.40

ஐட்லில் 10 நிமிடத்திலேயே வந்துவிட்டது. கிளட்ச் இல்லை.

ஓம்மீட்டர் | ஜூன் 5, இரவு 8.10

அப்படியானால் மிச்சம் ஏசி கம்ப்ரசர்தான். அதன் முகப்பில் இரண்டு பாகம் உண்டு. வெளிவளையமான புல்லி எஞ்சின் ஓடும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் உள்ள தட்டு ஏசி போடும்போது மட்டும் காந்தத்தால் புல்லியோடு ஒட்டும்; இதுதான் கம்ப்ரசரின் கிளட்ச், கியர் கிளட்ச் வேறு. மூன்று சோதனை, முதல் இரண்டும் எஞ்சினை அணைத்துவிட்டு.

நடுத்தட்டைக் கையால் திருப்புங்கள். கொஞ்சம் கனமாக, விட்டுவிட்டுப் பிடிப்பது போலத் திரும்பினால் கம்ப்ரசர் நலம். அசையவே இல்லை என்றால் உள்ளே ஜாம்.

தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மூன்று இடத்தில் அளங்கள். பெரும்பாலான கம்ப்ரசர்களில் 0.3 முதல் 0.6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். தட்டு தேயத் தேய இடைவெளி கூடும். கூடினால் காந்தத்தால் தட்டை முழு பலத்தோடு பிடிக்க முடியாது, ஒட்டியும் ஒட்டாமலும் தேய்ந்து பழுக்கச் சூடாகும். அந்தச் சூடு புல்லிக்கு ஏறும், புல்லியிலிருந்து பெல்ட்டுக்கு.

மூன்றாவது, அந்தக் காந்தத்தின் காயிலுக்கு வரும் மின்சாரம். எஞ்சின் ஓடி ஏசி போட்டிருக்கும்போது கனெக்டரில் ஏறக்குறைய பேட்டரி வோல்ட்டேஜ் வர வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலேயையோ எர்த்தையோ பாருங்கள். கனெக்டரைக் கழற்றி அளந்தால் காயில் 3 முதல் 5 ஓம் காட்டும்.

கிளட்ச்சே இல்லாத கம்ப்ரசர்களும் உண்டு. அவற்றில் புல்லி எப்போதும் கம்ப்ரசரோடு சேர்ந்தே சுற்றும், நடுவில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ வைத்த ஒரு பாகம் இருக்கும். கம்ப்ரசர் ஜாம் ஆனால் அது பிய்ந்துகொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள், பெல்ட்டைக் காப்பாற்ற. அங்கே வரும் ரப்பர் வாடை நிஜ ரப்பர் வாடை.

மழைத்தூவானம் | ஜூன் 6, காலை 7.20

இடையில் புகுவதற்கு மன்னிக்க. எனக்கு ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் வருகிறது, முன் இடது சக்கரத்தின் பக்கம். நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தியதும். இதே இழையில் கேட்கலாமா?

பத்தாம்நம்பர் | ஜூன் 6, காலை 7.50

கேளுங்கள். ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் என்றால் முதலில் பிரேக், அடுத்தது டயர் உரசல்.

ஓட்டி நிறுத்தியதும் ரிம்மைக் கையால் தொடாதீர்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இடது, வலது இரண்டையும் ஒரே இடத்தில் அளங்கள். பளபளக்கும் டிஸ்க்கில் அது குறைத்துக் காட்டும், அதனால் மங்கலான காலிப்பர் மேல் அளப்பது மேல். எத்தனை டிகிரி என்பதைவிட இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். கருவி இல்லையென்றால் இரண்டு பக்க ரிம்மின் நடுவிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் மட்டும் சுர்ரென்றால் விடை கிடைத்துவிட்டது.

பிறகு ஜாக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பேட் லேசாக உரசுவது இயல்புதான். முன்சக்கரத்தில் ஆக்ஸிலும் சேர்ந்து சுற்றுவதால் பின்சக்கரம் போல ஓடாது. வலது பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒருவரை பிரேக் அழுத்தி விடச் சொல்லுங்கள். விட்ட பிறகும் இறுக்கமாக இருந்தால் காலிப்பரின் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஆயில் பீச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளேயே சிக்கியிருக்கிறது: பிரேக் ஹோஸ் உட்புறம் ஊதி அடைத்திருக்கலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டர். நிப்பிளைத் திறந்தும் விடுபடவில்லையென்றால் ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஹோஸ் வெளியிலிருந்து பார்க்கப் புதிது போல இருக்கும், அதை நம்ப வேண்டாம்.

தண்ணிபாட்டில் | ஜூன் 6, காலை 9.30

ஸ்லைடு பின் என்றால் செலவில்லாத வேலை, ஆனால் அவசரத்தில் கெடுப்பவர்கள் அதிகம். பின்னைக் கழற்றித் துருவைத் துடைத்துவிட்டு பிரேக் ரப்பருக்கென்றே உள்ள சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் பூட் ஊதிப்போய், சரிசெய்த பின் மறுபடி இறுகும். இரண்டு பின்களில் ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருந்தால் மேல், கீழ் மாறாமல் போடுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள்.

பேட் ஒரு பக்கம் தேய்ந்து மறு பக்கம் தடிமனாக இருந்தாலே பின் சிக்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஓம்மீட்டர் | ஜூன் 6, காலை 10.00

சக்கரம் அந்த அளவு சூடாகியிருந்தால் பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் பெடல் தரைவரை போகும். வாடையைவிட அது பெரிய பிரச்சினை.

மழைத்தூவானம் | ஜூன் 6, இரவு 7.45

பிரேக் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சூடு. சக்கரத்தை முழுக்க ஒடித்துப் பார்த்தபோது டயரின் உள்பக்கத் தோளில் சுற்றிலும் ஒரு பளபளப்பான கோடு. வளைவுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரின் கிளிப் இரண்டு இல்லை.

பத்தாம்நம்பர் | ஜூன் 6, இரவு 8.00

அதுதான். லைனர் காற்றில் உப்பி டயர்மேல் படுகிறது. வேகம் கூடக்கூட உரசலும் கூடும், அதனால்தான் நீண்ட தூரத்துக்குப் பிறகு. கிளிப் போட்டால் முடிந்தது. கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டுவதானால் முடிச்சு டயர் பக்கம் வராமல் பாருங்கள். கோடு இருக்கும் இடத்தில் டயரின் உள்நூல் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் டயரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கேட்டதுகேள்வி | ஜூன் 7, காலை 6.55

இப்படி ரப்பர் வாடையாகத் தோன்றி வேறெதுவாகவோ இருப்பவற்றை யாராவது சொன்னால் நல்லது.

தண்ணிபாட்டில் | ஜூன் 7, காலை 8.20

நிறைய. டேப்பட் கவர் பேக்கிங்கில் கசியும் ஆயில் மேனிஃபோல்டில் சொட்டினால் காட்டமான கருகல் வாடை. வண்டி நிற்கும்போது லேசான நீலப்புகையும் தெரியும். அந்த ஆயில் பெல்ட்டில் பட்டிருந்தால் கசிவை நிறுத்தி, புல்லிகளை பிரேக் கிளீனரால் துடைத்த பிறகுதான் புது பெல்ட். வரிசை மாறினால் புதுசும் ஊதி வழுக்கும்.

ஆக்ஸில் பூட் கிழிந்தால் கிரீஸ் சுழன்று தெறித்து சைலன்சர் பைப்பில் விழும். சாலையில் கிடக்கும் பிளாஸ்டிக் பை சூடான பைப்பில் ஒட்டிக்கொண்டால் சில நாளைக்கு அதே வாடை. முழுக்க ஆறிய பிறகு மரக்கட்டையால் சுரண்டுங்கள், மிச்சம் தானே எரிந்து போகும். எலி கொண்டுவந்து வைக்கும் துணி, தேங்காய் நார் இன்னொரு வகை. அது வெறும் வாடையோடு நிற்காமல் தீப்பிடிக்கவும் கூடும், எஞ்சின் கவரைக் கழற்றிப் பாருங்கள்.

டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேறும். ஐட்ல் கொஞ்சம் உயரும், ஃபேன் ஓடும், கருகல் வாடை வரும், தானே நிற்கும். அது பழுதல்ல. அந்த நேரத்தில் காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள், அவ்வளவே.

ஓம்மீட்டர் | ஜூன் 7, காலை 9.05

ஒயர் கருகல் தனி. மீன் கவிச்சி போன்ற, மூக்கைக் குத்தும் வாடை. வண்டியை அணைத்த பிறகும் வந்தால் வேறெதையும் யோசிக்காமல் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது, வாடை வென்ட்டில் மட்டும் என்றால் அதன் ரெசிஸ்டரும் கனெக்டரும். ஹெட்லைட்டில் 60/55 வாட் இருந்த இடத்தில் 100/90 போட்டவர்கள் பல்பு ஹோல்டரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்: 5 ஆம்பியர் போன ஒயரில் இப்போது 8க்கு மேல் போகிறது. ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து ஃபியூஸாக மாறுவது ஒயர்.

புதுபெல்ட் | ஜூன் 7, இரவு 9.30

இடைவெளி 0.9 மி.மீ. மூன்று இடத்திலும் கிட்டத்தட்ட அதேதான். தட்டின் ஓரம் நீலம் பாரித்திருக்கிறது, சுற்றிலும் துருநிறத் தூள். கையால் திருப்பினால் கம்ப்ரசர் சுற்றுகிறது. காயிலுக்கு 13.6 வோல்ட் வருகிறது.

ஓம்மீட்டர் | ஜூன் 7, இரவு 9.55

நீலம் பாரித்தது சூட்டின் சாட்சி. நடுவில் உள்ள போல்ட்டைக் கழற்றித் தட்டை எடுங்கள். பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனர். அடியில் மெல்லிய ஷிம் வளையங்கள் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மாட்டி மறுபடி அளங்கள். 0.3க்குக் கீழே போனால் ஏசி அணைந்திருக்கும்போதும் தட்டு உரசும், மறுபடி இதே வாடையில் வந்து நிற்போம். போல்ட் சிறியது, பலத்தைக் காட்டாதீர்கள். தட்டு அலைபோல வளைந்திருந்தால் ஷிம் உதவாது, கிளட்ச் செட்டை மாற்ற வேண்டும்.

அரைகிளட்ச் | ஜூன் 7, இரவு 10.10

ஒவ்வொரு வீட்டிலும் முதலில் தொலைவது பத்தாம் நம்பர் ஸ்பேனர். இப்போது அதே பெயரில் ஒருவர் நம்மோடு இருக்கிறார் என்பதே ஆறுதல்.

பத்தாம்நம்பர் | ஜூன் 8, காலை 7.10

தொலையவில்லை, இங்கேயே இருக்கிறேன். ஆனால் ஷிம்மோடு கதையை முடிக்க எனக்கு மனமில்லை.

தட்டு தேய்ந்தது சரி. ஏன் நெரிசலில் மட்டும் வாடை? ஓடும் வண்டியில் காற்று தானாக கண்டன்சர் (ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) வழியே போகும். நிற்கும்போது ஃபேன்தான் காற்று தர வேண்டும். ஃபேன் ஓடவில்லையென்றால் உயரழுத்தப் பக்கம் ஏறிக்கொண்டே போகும், கம்ப்ரசரைச் சுற்றுவது கடினமாகும், பலவீனமாகப் பிடித்த தட்டு வழுக்கும். ஆர்134ஏ கேஸ் வண்டியில், வெளியே 30 முதல் 35 டிகிரி இருக்கும்போது உயரழுத்தம் 13 முதல் 18 பாருக்குள் நிற்பது வழக்கம். 25ஐத் தாண்டினால் ஃபேனையோ, அடைத்த கண்டன்சரையோ, அளவுக்கு மீறி ஏற்றிய கேஸையோ சந்தேகப்படுங்கள்.

கேஜ் இல்லாமலே முதலில் பார்க்கக்கூடியது: ஏசி போட்டதும் ஃபேன் ஓடுகிறதா? இரண்டு ஃபேன் இருந்தால் இரண்டுமா?

புதுபெல்ட் | ஜூன் 8, மாலை 5.50

ஒன்று மட்டும் ஓடுகிறது. மற்றதன் கனெக்டரைப் பிரித்தால் ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் உருகியிருக்கிறது. ஃபியூஸ் போகவில்லை.

ஓம்மீட்டர் | ஜூன் 8, மாலை 6.20

ஃபியூஸ் போகாது. பின் தளர்ந்து தொடர்பு சரியில்லாமல் அந்த இடம் மட்டும் சூடேறும். கரண்ட் கூடாமலே உருகும். கனெக்டரை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்து மோட்டாரை ஓட்டி, கிளாம்ப் மீட்டரில் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று ஓடும் ஃபேனோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவு மோட்டார் என்றால் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பழைய மோட்டார் தெளிவாக அதிகம் எடுத்தால் புஷ் இறுகிவிட்டது, புது கனெக்டரையும் உருக்கும். ஒயர் நுனியில் தாமிரம் கறுத்திருந்தால் பளபளப்பான இடம் வரும்வரை வெட்டிவிட்டுப் புதுப் பின்னை கிரிம்ப் செய்யுங்கள், முறுக்கி டேப் சுற்ற வேண்டாம்.

புதுபெல்ட் | ஜூன் 11, இரவு 8.30

மோட்டார் ஓடும்போது முனகியது, ஆம்பியரும் மற்றதைவிட ஒன்றரை மடங்கு. மோட்டார், கனெக்டர் இரண்டும் புதிது. ஒரு ஷிம் எடுத்தபின் இடைவெளி 0.45. ஏசி முழுக்கப் போட்டு அரை மணி ஐட்லில் விட்டும் வாடை இல்லை. மின்னிப்போன பெல்ட்டை என்ன செய்வது? சத்தம் போடவில்லை.

பத்தாம்நம்பர் | ஜூன் 11, இரவு 9.00

மாற்றுங்கள். இப்போதைய ஈபிடிஎம் ரப்பர் பெல்ட்டில் பழைய பெல்ட் போல வெடிப்பு எளிதில் தெரியாது, வெடிப்பு இல்லை என்பதால் நலம் என்று நினைக்க முடியாது. ஒருமுறை சூட்டில் மின்னிய முகம் திரும்ப பிடிக்காது. மழையில் நனைந்த அன்றைக்கு ஆல்டர்னேட்டர் பாரம் ஏறியதும் கீச்சிடும். கழற்றும்போது டென்ஷனரின் குறி எல்லைக்கோட்டுக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரசர் புல்லியின் பேரிங்கையும் இன்னொரு முறை சுற்றிவிடுங்கள், அந்தச் சூட்டில் அதன் கிரீஸ் வெந்திருக்கலாம். கரகரத்தால் இப்போதே பேரிங்கையும் சேர்த்துப் போடுங்கள்.

புதுபெல்ட் | ஜூன் 12, மாலை 7.05

கரகரக்கிறது.